விரலின் சதவீதம்

கயத்தாறு என்றதும் 1799இல் தூக்கிலிடப்பட்ட கட்டபொம்மனின் உடல்தான் நம் வரலாற்றெழுத்தில் நிற்கிறது. கயத்தாறு-கோவில்பட்டி வட்டாரத்துத் தீப்பெட்டி ஆபீசில் கருகும் உடல் எந்தப் பிரதியில் இருக்கிறது? 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்ட அட்டவணையில். கட்டைவிரல் முழுசாப் போனால் 30 சதவீதம்; ஆள்காட்டிவிரல் 14; சுண்டுவிரல் 7. இது வலியின் அளவல்ல, சம்பாதிக்கும் திறனில் போன பங்கு. அந்தப் பங்கு மாதக்கூலியோடுதான் பெருக்கப்படுகிறது. ஆக, கூலி குறைந்த பெண்ணின் விரல் சட்டப்படியே மலிவு. 2025 நவம்பரில் பழைய சட்டம் போய், சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. பட்டியலும் கூடவே வந்துவிட்டது. ‘தொகையைக் கூட்டு’ என்கிற நம் கோரிக்கையும் இந்தக் கணக்கின் மொழிக்குள்ளேயேதான் நின்று பேசுகிறது. விரலுக்கும் கூலிக்கும் நடுவில் கிடக்கிற பெருக்கல் குறியை யார் போட்டது, யாருக்காகப் போட்டது? நாம் கேட்க வேண்டியது அதைத்தான்.