நட்டின் மேல் ஒரு கோடு

காரைத் தூக்கி நிறுத்தி அடியில் எட்டிப் பார்த்தால், சில நட்டுகளின் மேல் மஞ்சளாகவோ வெள்ளையாகவோ ஒரு பெயின்ட் கோடு தெரியும். நட்டில் தொடங்கி, போல்ட் முனையையும் தொட்டு, பக்கத்து இரும்பில் போய் முடியும். இறுக்கியவர் போட்ட கையெழுத்து அது. நட்டு இம்மியளவு திரும்பினாலும் கோடு முறிந்து காட்டிக்கொடுத்துவிடும். ஸ்பேனரே வேண்டாம், டார்ச் போதும். இதைவிடச் சிக்கனமான சோதனைக் கருவி எனக்குத் தெரிந்து இல்லை.

இறுகிய போல்ட் உண்மையில் மயிரிழையளவு நீண்டு, அந்த இழுவிசையால்தான் பாகங்களைக் கவ்விப் பிடிக்கிறது. நீளவாக்கில் வரும் அதிர்வைவிடப் பக்கவாட்டு நழுவல்தான் நட்டை வேகமாகக் கழற்றும் என்று 1969-இல் ஜெர்மானியப் பொறியாளர் யுங்கர் காட்டினார்.

ஆனால் பாகங்களுக்கு இடையில் சிக்கிய துருவோ பெயின்ட்டோ நசுங்கினால், நட்டு திரும்பாமலே பிடி தளரும். கோடு அப்படியே நேராக நிற்கும். அதனால்தான் சக்கரம் மாற்றி நூறு கிலோமீட்டர் போல ஓடியதும் டார்க் ரெஞ்சால் மறுபடி பார்க்கச் சொல்கிறார்கள். வைத்த இறுக்கம் வந்து ரெஞ்ச் ‘டக்’ என்றதும் கையை எடுத்துவிட வேண்டும். ஸ்பேனர்மேல் ஏறி நின்று மிதிக்கும் வீரம் மரையைத்தான் தின்னும்.