பக்கத்து நாட்டில் ஒரு பூட்டன்

சித்தப்பா வீட்டுப் பரணில் கிடந்த தகரப்பெட்டியைத் திறந்த அன்று எங்கள் குடும்பத்துக்குத் திடீரென்று தொள்ளாயிரம் வயது கூடிவிட்டது. உள்ளே நான்காக மடித்த ஒரு பத்திரம். மடிப்பு விழுந்த இடமெல்லாம் பொடிந்து, வெளிச்சத்தில் பிடித்தால் நடுவில் ஒரு சிலுவை தெரியும். தலையில் சங்கு முத்திரை. அதன் கீழே பழுப்பேறிய மையில், '1079ம் ஆண்டு சித்திரை மாதம் 12ம் தேதி'.

சித்தப்பா ரிட்டயர்டான தமிழ் வாத்தியார். விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். "ஏல, குலோத்துங்க சோழன் காலம்ல இது!" என்றார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அன்றைக்குப் பறந்த கைகூப்பல்களுக்கு அளவே இல்லை. மூன்று நாள் நாங்கள் சோழ வம்சமாகவே நடமாடினோம். நான்காவது நாள் என் மனைவிதான் அடுப்படியில் இருந்து கேட்டாள். "சோழன் காலத்துல ஸ்டாம்ப் வெண்டர் இருந்தாராக்கும்?"

அந்த ஒரு கேள்வி என்னைத் தூக்கிக்கொண்டுபோன இடங்கள் இருக்கிறதே! ஒன்றரை வருசமாக ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று எனக்கு இல்லை. இப்படி ஒரு ருசி உலகத்தில் இருக்கிறது என்று ஐம்பத்திரண்டு வயது வரை ஒருத்தரும் சொல்லவில்லையே என்று ஆத்திரமாக வருகிறது.

நான் பிறந்தது திருநெல்வேலி டவுன். அப்பா, தாத்தா எல்லாரும் டவுன்தான். அதற்கு முன்னால் பூட்டன் என்று ஒருவர் ரதவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுதினார் என்பதோடு கதை நின்றுவிடும். யாரோடு வந்தார், எங்கிருந்து வந்தார், ஒன்றும் தெரியாது. தேடல் தொடங்கியதும் எல்லாரையும் போல நானும் வீட்டுக்குப் பக்கத்து ஆபீஸில்தான் தொடங்கினேன். இணையத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்தேன்; அது என் பள்ளிக்கூட வயதைத் தாண்டிப் பின்னால் போகவில்லை. நேரில் போனால், எந்த அலுவலகம் என்பது வேண்டாம், மூன்று தடவை அலையவிட்டு நான்காவது தடவை, "அப்படி ஒரு பேரே இல்லை சார், உங்க தாத்தாவுக்கு அப்பா வானத்துல இருந்து குதிச்சிருப்பார்" என்று சொல்லி அனுப்பினார்கள். வானமும் இல்லை, பூமியும் இல்லை. ஆரல்வாய்மொழிக்கு அந்தப் பக்கம்!

இதைச் சொன்னவர் நாகர்கோவிலில் தொழிலை விட்டுவிட்ட ஒரு பத்திர எழுத்தர். எண்பது தாண்டிய மனுசர். பத்திரத்தை வாங்கியதும் படிக்கவில்லை, முதலில் முகர்ந்து பார்த்தார். பிறகு சங்கைத் தொட்டுக் காட்டினார். "இது திருவிதாங்கூர் முத்திரை வே. ஆண்டு கொல்லம் ஆண்டு. எண்ணூத்தி இருவத்தஞ்சக் கூட்டும்."

கூட்டினேன். 1904. குலோத்துங்கன் அங்கேயே மண்ணோடு மண்ணானான். ஆனால் எனக்கு வந்த சந்தோஷத்துக்குச் சோழ சாம்ராஜ்யமே ஈடில்லை!

கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. அதனால் தை, மாசி, சித்திரை என்று வருகிற தேதிகளுக்கு 825 கூட்ட வேண்டும். ஆவணி முதல் மார்கழிப் பாதி வரைக்கும் என்றால் 824. இந்த ஒரு கணக்கு கையில் இல்லாமல் நாகர்கோவில் பக்கத்துப் பழைய காகிதம் எதையும் தொடக்கூடாது. தொட்டால் என் சித்தப்பா மாதிரி சோழனாகிவிடுவீர்கள்.

இன்றைக்குப் பஸ்ஸில் இரண்டு மணி நேரம், டீக்குடிக்க நிறுத்தினால் இன்னும் பத்து நிமிஷம். திருநெல்வேலி மாவட்டமும் கன்னியாகுமரி மாவட்டமும் நமக்கு அக்கம்பக்கம். ஆனால் பூட்டன் காலத்தில் அது பக்கத்து மாவட்டம் இல்லை, பக்கத்து நாடு. ஆரல்வாய்மொழிக்கு இந்தப் பக்கம் வெள்ளைக்காரன். அந்தப் பக்கம் திருவிதாங்கூர் மகாராஜா. பணம் வேறு, ஆண்டு வேறு, சட்டம் வேறு. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்களும், கூடவே செங்கோட்டையும் 1956 நவம்பர் 1ல்தான் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தன. ஆகவே 1904ம் வருசத்து மனுசரைத் திருநெல்வேலிப் பதிவேட்டில் தேடுவது, சிங்கப்பூரில் தொலைத்த பாஸ்போர்ட்டைப் பாளையங்கோட்டை மார்க்கெட்டில் தேடுவது மாதிரி.

பத்திர எழுத்தர் இன்னொன்றும் சொன்னார். பத்திரம் ஆள் குடியிருக்கிற ஊரில் பதிவாவதில்லை. நிலம் கிடக்கிற ஊரில் பதிவாகும். ஆள் பிழைப்புக்காக எங்கே வேண்டுமானாலும் போவான், வயல் போகாது. "ஆளைத் தேடாதீரும், வயலைத் தேடும்" என்றார். எங்கள் பத்திரத்தில் இருந்த வயல் தோவாளைத் தாலுகா. ஒற்றி வைத்திருந்தார்கள். அதில் வந்த பகுதி, பார்வத்தியக்காரர், பணம், சக்கரம் போன்ற வார்த்தைகளை அவர் ஒவ்வொன்றாக உடைத்துக் கொடுத்தபோது, புது பாஷை கற்றுக்கொள்கிற சின்னப்பையன் மாதிரி நோட்டில் எழுதிக்கொண்டேன். பகுதி என்றால் அங்கே வருவாய்க் கிராமம். பார்வத்தியக்காரர் என்றால் நம்மூர் மணியக்காரர். பணமும் சக்கரமும் அங்கத்துக் காசு. திருவிதாங்கூரில் நில செட்டில்மென்ட் 1883ல் தொடங்கி 1911ல்தான் முடிந்தது. அந்தக் கணக்கில் வயல் இருந்தால் வயலுக்கு ஒரு தண்டப்பேர், அதாவது வரிக்கணக்கு, இருக்கும். அந்தத் தண்டப்பேரில் ஒரு மனுசன் இருப்பான்.

இருந்தான். ஆனால் தப்பான மனுசன்!

இதில்தான் நான் ஆறு மாதம் சிக்கிக்கொண்டேன். பூட்டனுக்கு முந்தின பெயராக வயல் யார் பேரில் இருந்ததோ அவரைப் பூட்டனின் அப்பா என்று நம்பி, வம்சவரைபடத்தில் கொட்டை எழுத்தில் எழுதி, லேமினேஷன் வரைக்கும் போய்விட்டேன். பத்திரத்தில் 'அனந்தரவன்' என்று ஒரு சொல் இருந்தது. பிள்ளை என்பதன் பழைய வார்த்தை போல என்று நானே முடிவு கட்டியிருந்தேன். அறியாமைக்கு எத்தனை தைரியம் பாருங்கள். அனந்தரவன் என்றால் மகன் இல்லை, மருமகன். அக்காள் தங்கச்சி மகன்.

தோவாளை எல்லாம் சேர்ந்த நாஞ்சில் நாட்டு வேளாளரில் ஒரு பெரும்பகுதி மருமக்கள்வழி. அப்பன் சொத்து பிள்ளைக்கு இல்லை, மாமன் சொத்து மருமகனுக்கு. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 'நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்' எழுதி இந்த முறையைச் சிரிக்கச் சிரிக்கக் கிழித்தார் என்று பள்ளிக்கூடத்தில் படித்து, இரண்டு மார்க்கும் வாங்கியிருக்கிறேன். அது என் வீட்டுக் கதை என்று அப்போது யார் கண்டார்? 1101ல், அதாவது 1926ல், நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தபிறகுதான் அந்த வழக்கம் உடைந்தது. ஆக நான் லேமினேட் செய்து வைத்திருந்தவர் பூட்டனின் தாய்மாமன். அப்பனைக் காணோம்.

அப்பனைக் கண்டுபிடித்த நாள் எனக்கு ஒரு கல்யாண நாள் மாதிரி ஞாபகம் இருக்கிறது. சான்றிட்ட நகல்களுக்கு மனுப் போட்டு மனுப் போட்டு, அட்டவணையில் பேர்வாரியாகவும் சொத்துவாரியாகவும் பார்க்கச் சொல்லி, ஒரு மழைநாளில் நான்கு பக்க நகல் ஒன்று கைக்கு வந்தது. மூன்றாவது பக்கத்தில் 'உகந்துடைமை' என்று ஒரு வார்த்தை. அப்பன் சொத்தில் பெற்ற பிள்ளைகளுக்கென்று கிடைக்கிற சிறு பங்குக்கு அதுதான் பேர். உகந்து கொடுத்த உடைமை! எவ்வளவு அழகான சொல். சட்டப்படி மருமகனுக்குப் போகவேண்டிய சொத்தின் ஓரத்தில் இருந்து ஒரு துண்டைக் கிள்ளி, 'என் மகன்' என்று எழுதி ஒரு மனுசர் கையெழுத்துப் போட்டிருந்தார். அந்த மகன் என் பூட்டன். ஆபீஸ் வராந்தாவில் நின்று அழுதேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அழுதேன். பக்கத்தில் ஈசிக்குக் காத்திருந்தவர் என் சொத்து வில்லங்கத்தில் போய்விட்டது என்று நினைத்து ஆறுதல் சொன்னார்.

அந்த நகலை ஆரல்வாய்மொழி பஸ் ஸ்டாப்பில் காற்று பிடுங்கியது தனிக்கதை. காற்றாலைகளை அங்கே சும்மாவா நட்டிருக்கிறார்கள். ஒரு பக்கம் வேலிக்காத்தான் முள்ளில் மாட்டிக் கிடைத்தது. இன்னொரு பக்கத்துக்குத் திரும்பவும் மனுப் போட்டேன்.

காகிதம் இவ்வளவுதான் சொல்லும். மிச்சத்தை ஊர்தான் சொல்ல வேண்டும். பூதப்பாண்டிக்கு அப்புறம் ஒரு சின்ன ஊர். பத்திரத்தில் இருந்த வீட்டுப்பெயரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இறங்கினேன். கன்னிப்பூ அறுப்பு முடிந்து வைக்கோல் ரோட்டில் கிடந்தது. டீக்கடையில் என் பெயரைச் சொன்னேன், ஒருவரும் திரும்பவில்லை. வேலை, சம்பளம், டவுன் விலாசம் சொன்னேன், அதற்கும் இல்லை. வீட்டுப்பெயரைச் சொன்னேன். உள்ளே வடை போட்டுக்கொண்டிருந்த ஆச்சி கரண்டியோடு வெளியே வந்தாள்.

"கிழக்க போன ஆளுகளா? எங்க மாமியா சொல்லுவா. ஒரு பய துணிக்கடைக்குப் போறேன்னு போனான், போனவந்தான்னு."

கிழக்கே போனவன்! நூறு வருசமாக எங்கள் பூட்டனுக்கு அந்த ஊரில் ஒரு பெயர் இருந்திருக்கிறது, எங்களுக்குத்தான் தெரியாது. அப்புறம் நடந்ததெல்லாம் திருவிழா. ஒரு பெரியவர் வீடு இருந்த இடத்தைக் காட்டினார். இப்போது அங்கே மரவள்ளி நிற்கிறது. முடிவெட்டுகிற ஒருவர், தன் அப்பா எந்தெந்த வீட்டுக்குப் போனார் என்று தெருவாரியாகச் சொன்னார். ஆபீஸ் ரெக்கார்டு தோற்றது. அவர் சொன்ன வரிசையில் ஒரு வீடு கூடத் தப்பவில்லை. வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்த ஊர்க்காரர்களின் ஞாபகமே தனிதான் என்பது என் கட்சி. யாரும் மறுக்கலாம், நான் மாறப்போவதில்லை.

எங்கள் பக்கம் பங்குனி உத்திரத்துக்கு அவரவர் குடும்பச் சாஸ்தாவைத் தேடிப்போவது வழக்கம். சாஸ்தா தெரியாதவர்கள் பொதுவில் சொரிமுத்தையனாரைக் கும்பிட்டுக்கொள்வார்கள். நாங்களும் அதுவரை அந்தக் கட்சிதான். வம்சம் தேட நினைக்கிறவர்களுக்கு நான் கையைப் பிடித்துச் சொல்வது, முதலில் சாஸ்தா எந்த ஊர் என்று கேளுங்கள். ஜனங்கள் மலையைத் தாண்டியும் ஆற்றைத் தாண்டியும் குடிபோனார்கள். சாமி போன இடத்துக்கெல்லாம் வரவில்லை. நிலத்தைப் போலவே அவரும் இருந்த இடத்தில் இருக்கிறார். சாமியைத் தவிர ஓலையும் நாஞ்சில் நாட்டில் தோண்டத் தோண்ட வரும். அழகியபாண்டியபுரத்துப் பெரியவீட்டில் இருந்த ஓலைகளை வைத்து அ.கா. பெருமாள் 'முதலியார் ஓலைகள்' என்று ஒரு புத்தகமே கொண்டுவந்திருக்கிறார். அதைப் படித்த இரவு நான் தூங்கவில்லை. இன்னும் பின்னால் போக வேண்டுமானால் திருவனந்தபுரம் கோட்டைப் பக்கத்து ஆவணக் காப்பகத்தில் சுருணை சுருணையாக ஓலை இருக்கிறது. மலையாளம் எழுத்துக்கூட்டப் படித்துக்கொண்டிருக்கிறேன். மனைவி ஒன்றும் சொல்வதில்லை, பெருமூச்சு விடுவதோடு சரி.

எங்கள் சாஸ்தா கோயில் பூட்டனின் ஊர்க் குளத்தங்கரையில். கோயில் என்றால் ஆலமரமும், நான்கு பீடமும், ஒரு தகரக் கொட்டகையும். கோயில் கொடைத் திருவிழாவுக்கு வரி பிரிக்கிற கணக்கப்பிள்ளை வீட்டில் பழைய வரிநோட்டுகள் இருக்கின்றன என்று ஆச்சிதான் சொன்னாள். நீளநோட்டுகள், சணல் கட்டி, அரிசிப்பானைக்குப் பின்னால். கரையான் மேலட்டையைத் தின்று உள்ளே போகச் சோம்பிவிட்டிருந்தது. வீட்டுக்கு ஒரு புள்ளி, புள்ளிக்கு ஒரு வரி. 1090, 1091, 1092. எங்கள் வீட்டுப்பெயர் ஒவ்வொரு வருசமும் இருந்தது. 1093ல், அதாவது 1918 கொடைக்கு, பெயருக்கு நேரே தொகைக்குப் பதிலாக, 'கிழக்கே. பாக்கி பணம் 2'.

அத்தோடு எங்கள் புள்ளி நின்றுவிட்டது.

"அண்ணாச்சி, இந்தப் பாக்கியை நான் கட்டிருதேன்" என்றேன். கணக்கப்பிள்ளை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். விளையாட்டாகச் சொல்கிறேன் என்று நினைக்கவில்லை. நானும் விளையாட்டாகச் சொல்லவில்லை. ஒரு பணத்துக்கு நான்கு சக்கரம், ஆக எட்டுச் சக்கரம். திருவிதாங்கூர் ரூபாய்க்கு இருபத்தெட்டுச் சக்கரம். ஐந்தணா கூட வரவில்லை. டீ வந்தது. பக்கத்து வீட்டில் இருந்து கால்குலேட்டரோடு ஒரு பையன் வந்தான்.

"வட்டி போடணுமா?" என்று கேட்டான் பையன்.

"கோயில் பாக்கிக்கு வட்டி கிடையாதுலே" என்றார் அவர். "ஆனா இந்த வருசத்து வரி தனி. தலைக்கட்டுக்கு ஆயிரம்."

ஆயிரத்து ஒன்று வாங்கிக்கொண்டு ரசீது போட்டார். அந்த ஒற்றை ரூபாய்க்கு நேரே, பழைய பாக்கி வரவு, 1093 என்று எழுதினார். புள்ளி யார் பேரில் என்று கேட்டார். என் பெயரைச் சொன்னேன். அதை எழுதாமல் வீட்டுப்பெயரை எழுதி, ரசீதைக் கிழித்துக் கொடுத்தார்.