186 கையெழுத்துகள்

வானவியலாளர்கள் ஜோதிடத்தை நம்புகிறார்களா என்ற கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம்: இல்லை. வானவியல் ஆய்விதழ்களில் ஜோதிடம் ஒரு கருதுகோளாகக்கூடத் தலைகாட்டுவதில்லை. ஆனால் இந்தப் பதிலைக் கேட்டதும் நம்மவர்கள் அடைகிற திருப்திதான் எனக்குச் சந்தேகத்தைத் தருகிறது. ஜோதிடர் சொன்னால் சரி என்றிருந்தவன் விஞ்ஞானி சொன்னால் சரி என்று மாறினால், அவன் மாற்றிக்கொண்டது குருவை மட்டும்தான். ஒரு வானவியலாளன் நம்பவில்லை என்பதைவிட, எப்படி நம்பாமலிருக்கிறான் என்பதே கவனிக்க வேண்டிய விஷயம். நிராகரிப்பிலும் தரபேதம் உண்டு. விமர்சனம் எழுதுகிறவர்களுக்கு இது அந்நியமான பிரச்னை அல்ல என்பதால் இங்கே எழுதுகிறேன்.

அமெரிக்காவிலிருந்து வரும் 'தி ஹ்யூமனிஸ்ட்' பத்திரிகையின் 1975 செப்டம்பர்-அக்டோபர் இதழில் ஜோதிடத்தை எதிர்த்து ஒரு கூட்டறிக்கை வெளியாயிற்று. கையெழுத்திட்ட விஞ்ஞானிகள் 186 பேர். அவர்களில் 18 பேர் நோபல் பரிசு பெற்றவர்கள். முன்னின்றவர் பார்ட் போக். பால்வீதியின் அமைப்பை ஆராய்வதில் ஆயுளைச் செலவிட்ட வானவியலாளர். கிரகங்களும் நட்சத்திரங்களும் எவ்வளவு தொலைவில் இருக்கின்றன என்பது இன்று தெரிந்துவிட்டது. பிறக்கும் கணத்தில் அவற்றின் ஈர்ப்போ வேறெந்தப் பாதிப்போ பொருட்படுத்தத் தக்கதல்ல. நிச்சயமற்ற காலத்தில் ஆறுதல் தேடுகிறவர்களே ஜோதிடத்தில் போய் விழுகிறார்கள் - இதுதான் அறிக்கையின் சாரம். இதில் தவறென்று சொல்ல ஒன்றுமில்லை. அதே இதழில் போக் தனியாக ஒரு கட்டுரையும் எழுதியிருந்தார். ஆனால் உலகம் ஞாபகம் வைத்துக்கொண்டது கட்டுரையை அல்ல. 186 என்ற எண்ணிக்கையை.

கையெழுத்திட மறுத்த ஒரு வானவியலாளர் இருந்தார்: கார்ல் ஸேகன். ஜோதிடத்தில் ஏதோ இருக்கிறது என்று நினைத்ததால் அவர் மறுக்கவில்லை. அறிக்கையின் தொனி அதிகாரத் தொனியாக இருந்தது என்பது அவர் சொன்ன காரணம். அடுத்து அவர் எழுப்பிய ஆட்சேபம் இன்னும் நுட்பமானது. கிரகம் மனிதனைப் பாதிக்கும் வழி நமக்குத் தெரியவில்லை என்பது ஒரு வாதம்தான். ஆனால் அது மட்டும் போதாது. வெஜெனர் கண்டங்கள் நகர்கின்றன என்று சொன்னபோதும், நகர்த்துவது எது என்று காட்ட முடியாததால்தான் நிலவியலாளர்கள் பலர் அவரைத் தள்ளிவைத்தார்கள். பிறகு கண்டங்கள் நகர்வது நிரூபணமாயிற்று. ஆக, ஒரு கொள்கை பொய் என்பதை அதன் பலன்களைச் சோதித்துத்தான் காட்ட வேண்டும். அதன் பூர்வீகத்தைக் கேலி செய்து அல்ல.

ஃபெயராபெண்ட் என்ற தத்துவவாதி 1978இல் வந்த தம் புத்தகத்தில் இந்த அறிக்கையை இன்னும் கடுமையாகத் தாக்கினார். பி.பி.ஸி. சில நோபல் பரிசுக்காரர்களைப் பேட்டிக்கு அழைத்தபோது, தாங்கள் ஜோதிடத்தைப் படித்ததே இல்லை என்று சொல்லி அவர்கள் விலகிக்கொண்டதாக எழுதுகிறார். சூனியக்காரிகளை வேட்டையாட 15ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட கையேட்டை எடுத்துக்காட்டி, அதன் ஆசிரியர்களுக்குத் தங்கள் விஷயமாவது தெரிந்திருந்தது என்கிறார். ஃபெயராபெண்டின் விதண்டாவாதத்தை முழுக்க ஏற்க வேண்டியதில்லை. படிக்காமல் கையெழுத்திட்டவன் சொன்னது உண்மையாகவே இருந்தாலும், அந்த உண்மை அவனுடையதல்ல என்ற அளவில் அவர் சொல்வது சரி. வங்கியில் காசோலையின் கையெழுத்தை ஒத்துப்பார்ப்பது என் அன்றாட வேலை. கையெழுத்து அசலாக இருக்கும். கணக்கில் பணம் இருக்காது. திருப்பி அனுப்புவோம்.

நம்புகிறவர், நம்பாதவர் என்ற இரண்டு கட்சியிலும் சேராத ஒருவர் கெப்ளர். அவரை ஜோதிடர்களும் சொந்தம் கொண்டாடுகிறார்கள், விஞ்ஞானிகளும் கொண்டாடுகிறார்கள். 1594இல் கிராட்ஸ் நகரில் கணித ஆசிரியராகச் சேர்ந்த அவருக்கு ஆண்டுதோறும் பஞ்சாங்கம் தயாரிப்பதும் உத்தியோகத்தின் பகுதி. 1595க்கான பஞ்சாங்கத்தில் கடுங்குளிரும் துருக்கியர் படையெடுப்பும் வரும் என்று எழுதினார். இரண்டும் வந்தன; பேர் கிடைத்தது. 1608இல் வாலன்ஸ்டைன் என்ற தளபதிக்கு ஜாதகம் கணித்தார். ஜோதிடம் அசட்டு மகள், ஆனால் அவள் சம்பாத்தியத்தில்தான் தாயான வானவியல் சாப்பிட வேண்டியிருக்கிறது என்ற பொருளில் எழுதியவரும் அவரே. வயிற்றுப்பாட்டுக்காக மட்டும் செய்தார் என்று சொல்லிவிடவும் முடியாது. ராசி, பாவங்கள் ஆகியவற்றைப் பெரும்பாலும் உதறிவிட்டாலும், கிரகங்களுக்கிடையேயுள்ள கோணங்கள் மனிதனைத் தொடுகின்றன என்று அவர் மனமார நம்பினார்.

அதே கெப்ளர் செவ்வாயின் பாதையைக் கணக்கிடும்போது என்ன செய்தார்? ஆண்டுக்கணக்கில் உழைத்து ஒரு வட்டப் பாதையைப் பொருத்தினார். டைக்கோ பிராஹேயின் அவதானிப்புக்கும் அதற்கும் 8 கலை வித்தியாசம் வந்தது. ஒரு கலை என்பது பாகையில் 60இல் ஒன்று. 8 கலை என்றால் முழுநிலவின் அகலத்தில் ஏறக்குறையக் கால் பங்கு. அதைக் கண்டும் காணாமல் விட்டிருக்கலாம். டைக்கோ அவ்வளவு பிசகமாட்டார் என்று தெரிந்ததால் விடவில்லை. பல நூற்றாண்டுகள் ஆண்ட வட்டம் போயிற்று; 1609இல் நீள்வட்டம் வந்தது. அவருடைய ஜோதிடத்துக்கு இப்படி ஒரு 8 கலை வாய்க்கவே இல்லை. பலன் பலித்தால் சாஸ்திரம் மெய். பலிக்காவிட்டால் பிறந்த நேரம் பிசகு, அல்லது வேறொரு கிரகத்தின் பார்வை. தோற்பதற்கு இடம் வைக்காத எதுவும் ஜெயிப்பதும் இல்லை. இரண்டு துறைகளும் பிரிந்த இடம் இதுதான். ஒரே மனிதனின் மண்டைக்குள்ளேயே அந்தப் பிளவு நடந்திருக்கிறது.

நம் மரபில் இரண்டுக்கும் ஒரே பெயர். ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் கணிதம், ஹோரை, சம்ஹிதை என்ற மூன்றையும் ஜோதிஷத்தின் மூன்று கிளைகளாகவே கண்டார். பெயர் பிரியாததால் கணிதத்தின் கௌரவம் பலனுக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இதற்கு நம் காலத்திலேயே ஒரு விசித்திரமான உதாரணம் உண்டு. மேகநாத் சாஹா, நட்சத்திரங்களின் நிறமாலையைப் படிக்க வழிசெய்த சமன்பாட்டைத் தந்தவர். எல்லாம் வேதத்தில் இருக்கிறது என்ற பேச்சைப் பரிகசித்தவர். 1952இல் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவுக்கு அவர் தலைவர். சூரியன் பூமத்திய ரேகையைக் கடப்பது மார்ச் 21 வாக்கில். நம் சித்திரை பிறப்பதோ ஏப்ரல் 14. இந்த விலகலின் கணக்குத்தான் அயனாம்சம். ஊருக்கு ஊர் வேறுபட்ட பஞ்சாங்கங்களை ஒழுங்குபடுத்த, 1956 மார்ச் 21க்கு அயனாம்சம் 23 பாகை 15 கலை என்று குழு நிர்ணயித்தது. குழுவின் செயலாளர் என்.ஸி. லாஹிரி. இன்று கணிப்பொறியில் ஜாதகம் எடுக்கிறவர்கள் தேர்ந்தெடுக்கும் 'லாஹிரி அயனாம்சம்' அதுதான். ஜோதிடம் வானவியலாளரிடமிருந்து எண்ணை வாங்கிக்கொண்டது. எண்ணுக்குப் பின்னாலிருந்த மனோபாவத்தை அவரிடமே விட்டுவிட்டது.

2001இல் பல்கலைக்கழக மானியக் குழு 'ஜோதிர் விஞ்ஞான்' என்ற பெயரில் ஜோதிடத்தைப் பாடமாக்க முன்வந்தபோது விஞ்ஞானிகள் எதிர்த்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2004இல் தள்ளுபடியாயிற்று. எதிர்த்தவர்களில் ஒருவர் புனேயின் வானவியலாளர் ஜயந்த் நார்லிகர். ராசிகளும் ஜாதகம் கணிப்பதும் கிரேக்கர் தொடர்பில் வந்தவை, இது வேதமும் அல்ல விஞ்ஞானமும் அல்ல என்று வாதிட்டார். அதோடு நிற்கவில்லை. 2008இல் ஒரு சோதனைக்கு ஏற்பாடு செய்தார். படிப்பில் சிறந்த 100 குழந்தைகள், மனவளர்ச்சி குன்றிய 100 குழந்தைகள் - இவர்களின் ஜாதகங்கள் பெயரின்றிக் கலக்கப்பட்டன. பங்கெடுத்துப் பதில் அனுப்பிய 27 ஜோதிடர்களுக்குத் தலைக்கு 40 ஜாதகம். எந்தக் குழந்தை எந்த வகை என்று சொல்ல வேண்டும். நாணயத்தைச் சுண்டிச் சொன்னாலே 20 சரியாக வரும். அதிகபட்சமாக ஒருவர் 24 சொன்னார். சராசரி 20ஐ எட்டவில்லை. 200 ஜாதகங்களையும் வாங்கிக்கொண்ட ஒரு ஜோதிட நிறுவனம் 102 சரியாகச் சொன்னது.

பெருவெடிப்புக் கொள்கையை உலகமே ஏற்ற பிறகும் ஃப்ரெட் ஹாயிலோடு சேர்ந்து மாற்றுக் கொள்கை பேசி வந்தவர் நார்லிகர். பெரும்பான்மை என்பது வாதமாகாது என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. 2025 மே மாதம் அவர் காலமானார். அந்தச் சோதனையில் உடனிருந்தவர்களில் ஒருவரான நரேந்திர தாபோல்கர், மூடநம்பிக்கைக்கு எதிராக வாழ்நாள் முழுதும் உழைத்தவர், 2013 ஆகஸ்ட் 20 அன்று புனே தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். சில மறுப்புகளுக்குப் பேனா மை மட்டுமே செலவு. சிலவற்றுக்கு அப்படியில்லை.

நம் வட்டத்துக்கு வருகிறேன். ஒரு நாவலை 'குப்பை' என்று சொல்ல நாமும் கூட்டறிக்கை விடுகிறோம். படித்தீர்களா என்று கேட்டால், அதைப் படிக்க வேண்டுமா என்ன என்கிறோம். ஜனரஞ்சக எழுத்தைப் பற்றிய நம் முடிவு சரியாகவே இருக்கலாம். போக்கின் முடிவும் சரிதான். ஆனால் அந்த முடிவை நாம் சம்பாதித்தோமா, இரவல் வாங்கினோமா என்பது வேறு விஷயம். ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜில் கவிதைகளைக் கவிஞர் பெயரை நீக்கிவிட்டு மாணவர்களிடம் கொடுத்து, வந்த அபிப்பிராயங்களை 1929இல் புத்தகமாகப் போட்டார். நன்கு படித்தவர்களின் ரசனையே அதில் சந்தி சிரித்தது. நார்லிகரின் 40 ஜாதகங்களும் அதுவும் ஒரே காரியம்தான்.

அடுத்த முறை நாம் கூடும்போது யாராவது ஒருவர், நாம் கொண்டாடுகிறவர்களின் பத்துக் கவிதைகளையும் நாம் ஒதுக்குகிறவர்களின் பத்துக் கவிதைகளையும் பெயரில்லாமல் தட்டச்சு செய்து எடுத்து வரட்டும். விடைத்தாளை உறையிலிட்டு ஒட்டி வைப்போம். அதன் பிறகு ஜோதிடர்களைப் பற்றிப் பேசலாம்.