கல்லோடு சேர்ந்து வரும் வெயில்

2014-இல் வெளிவந்த ‘தி வானிஷிங் ஆஃப் ஈதன் கார்ட்டர்’ கணினி விளையாட்டின் பாறைகளும் மரச்சுவர்களும் இன்றும் கண்ணை ஏமாற்றக்கூடியவை. போலந்தைச் சேர்ந்த ‘தி அஸ்ட்ரோநாட்ஸ்’ என்ற சிறு குழு, ஃபோட்டோகிராமெட்ரி முறையில் அவற்றை உருவாக்கியது. ஒரு பொருளைப் பல கோணங்களில் படம் எடுத்தால், படங்களுக்கிடையே பொதுவாக உள்ள புள்ளிகளை மென்பொருள் கண்டுபிடித்து முப்பரிமாண வடிவத்தை மீட்டுத் தரும்.

இதன் பலம் நுணுக்கம் மட்டுமல்ல. சுவரில் விரிசல் வரைய எந்தத் தேர்ந்த கலைஞராலும் முடியும். விரிசலுக்குக் கீழே மட்டும் ஏன் பாசி படிந்தது, கதவின் எந்த விளிம்பு மழையில் வெளுத்தது என்பதையெல்லாம் ஊர் முழுக்க யோசித்து வரைவது யாருக்கும் ஆகாது. ஒளிப்படத்தில் அந்தக் காரணகாரியம் தானாகவே வந்துவிடுகிறது.

கூடவே படம் எடுத்த நேரத்து வெயிலும் வந்துவிடுகிறது. இடப்பக்கம் வெளிச்சம் விழுந்த பாறையை ஸ்கேன் செய்தால், விளையாட்டில் சூரியன் வலப்பக்கம் நின்றாலும் பழைய வெளிச்சம் டெக்ஸ்சரில், அதாவது வடிவத்தின்மேல் போர்த்தும் படத்தில், ஒட்டிக்கொண்டே இருக்கும். ஈதன் கார்ட்டரின் உலகில் இரவு பகல் சுழல்வதில்லை. அதனால் இந்தச் சிக்கலின் கடுமை அங்கே குறைவு. பொழுது மாறும் உலகத்தில் தப்பிக்க வழியில்லை.

மேகமூட்டமான நாளில் படம் எடுப்பதே மலிவான மருந்து. அப்போதும் மேற்பரப்பு வெளுத்தும் இடுக்குகள் இருண்டும்தான் கிடைக்கும். சிறு பொருள்களுக்கு வளைய ஃபிளாஷின் முன் ஒரு போலரைசிங் தாளும், லென்ஸில் அதற்குச் செங்குத்தாகத் திருப்பிய ஃபில்டரும் பொருத்தினால் பளபளப்பு மறையும். குன்றுக்கு அது எட்டாது. எஞ்சிய நிழலை அழிக்க அஜிசாஃப்டின் டீ-லைட்டர் போன்ற கருவிகள் இருக்கின்றன. ஆனால் இடுக்கிலுள்ள கருமை நிழலா, அழுக்கா? கருவியால் ஊகிக்கத்தான் முடியும். ஊகம் தவறினால், எந்த அழுக்குக்காக ஸ்கேன் செய்தோமோ அதுவே துடைக்கப்பட்டுவிடும். நிறத்தட்டை ஒருமுறை படம்பிடித்து வைப்பதும், குரோம் பந்து அல்லது எச்.டி.ஆர். படத்தால் சுற்றுப்புற ஒளியைப் பதிவதும் பின்னால் நாள்கணக்கில் வேலையை மிச்சப்படுத்தும். விந்தை என்னவென்றால், புதியவர்கள் முதலில் தவிர்ப்பது இவற்றைத்தான்.

மென்பொருள் தேர்வுக்குத் தேவைக்கு மேல் முக்கியத்துவம் தரப்படுகிறது. ரியாலிட்டிகேப்சர் வேகமானது, 2024 முதல், ஆண்டு வருவாய் 10 லட்சம் டாலருக்குக் குறைவானவர்களுக்கு இலவசம். மெட்டாஷேப் மேக்கிலும் லினக்ஸிலும் ஓடும். மெஷ்ரூம் திறந்த மூலம். மூன்றுமே கண்ணாடியிடமும் தேங்கிய நீரிடமும் காற்றில் ஆடும் இலையிடமும் தடுமாறும். ஒரு படத்தில் இருக்கும் புள்ளி அடுத்த படத்தில் இடம் மாறியிருந்தால் எந்த மென்பொருளும் என்ன செய்யும்? அடுத்தடுத்த படங்கள் பாதிக்கு மேல் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும், கூர்மை குறையக் கூடாது. விளைவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இவைதான்.

2022-இல் அன்ரியல் எஞ்சின் 5 வந்தபோது ஸ்கேனில் கிடைக்கும் கனமான மெஷ்ஷை (முக்கோண வலையை) எளிமையாக்கும் பெரிய தொல்லை தீர்ந்ததாகப் பலர் மகிழ்ந்தார்கள். அதிலுள்ள நானைட், கோடிக்கணக்கான முக்கோணங்கள் கொண்ட மெஷ்ஷையும் ஏறக்குறைய அப்படியே ஏற்கும். மகிழ்ச்சி பாதிதான் நியாயம். அதே எஞ்சினின் லூமென் ஒளியை உடனுக்குடன் கணக்கிடுகிறது. டெக்ஸ்சரில் பழைய நிழல் கிடந்தால் புதிய நிழல் அதன்மேல் விழுந்து குறையை இன்னும் அம்பலப்படுத்தும்.

நேரில் போய்ப் படம் எடுக்க வசதியில்லாத குழுக்கள் குவிக்செல் மெகாஸ்கேன்ஸ் போன்ற ஆயத்தத் தொகுப்புகளை நாடுகின்றன. ஒளி நீக்கிய நல்ல சரக்குதான். ஆனால் வேற்றுக்கிரகத்திலும் இடைக்காலக் கோட்டையிலும் ஒரே பாறை கிடப்பதைக் கூர்ந்து பார்ப்பவர்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள். பின்னணிக்குத் தொகுப்பு போதும். ஆட்டக்காரர் அருகில் நின்று பார்க்கும் பொருளையாவது சொந்தமாக எடுக்க வேண்டும்.

2023-இல் வந்த காசியன் ஸ்ப்ளாட்டிங், மெஷ்ஷே இல்லாமல் இடத்தின் தோற்றத்தை வியக்கும்படி மீட்கிறது. பளபளப்பும் மெல்லிய இலையும்கூட அதில் அழகாகத் தெரியும். ஆனால் பதிவான ஒளியும் தோற்றமும் அதில் பின்னிப் பிணைந்திருக்கின்றன. பிரிக்கும் முயற்சிகள் ஆய்வு நிலையில்தான் உள்ளன. நிலைத்த ஒளியில் ஒரு இடத்தைச் சுற்றிக்காட்ட அது போதும். சூரியன் நகர வேண்டிய உலகத்துக்கு, இப்போதைக்கு, மேகமூட்டத்தில் பொறுமையாக எடுத்த பழைய முறைப் படங்களே மேல்.