ஒரே கார், இரண்டு சென்ஸார்

ஒரே சினிமாவை இரண்டு ஊர் சென்ஸார் தனித்தனியாக வெட்டினால் எப்படி இருக்கும்? பழைய ஜாகுவார், சித்ரோன், மெர்சிடிஸ் கார்களில் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஐரோப்பாவில் ஓடியது ஒரு பிரதி. கப்பலேறி அமெரிக்கா போனது வேறு பிரதி. பழைய கார் பித்தர்கள் இதைப் பற்றி எழுதுவதையெல்லாம் படித்தால் ஒரே பல்லவிதான்: ஐரோப்பியப் பிரதி அசல், அமெரிக்கப் பிரதி கெட்டுப்போனது. பாதிதான் சரி என்பேன்.

சரியான பாதியை முதலில் சொல்லிவிடலாம். முகவிளக்கு. 1940 வாக்கில் அமெரிக்காவில் எல்லாக் கார்களுக்கும் ஒரே அளவு உருண்டை விளக்கு என்று ஆக்கினார்கள். பல்பு, கண்ணாடி, பிரதிபலிப்பான் எல்லாம் சேர்த்து அடைத்த 'ஸீல்டு பீம்'. அன்றைக்கு நல்ல யோசனைதான். எந்தப் பட்டிக்காட்டு பெட்ரோல் பங்க்கிலும் மாற்று விளக்கு கிடைத்தது. உள்ளே துருப்பிடிக்காது. சிக்கல் என்னவென்றால், விதி அங்கேயே உட்கார்ந்துவிட்டது. ஐரோப்பாவில் 1962-ல் ஹாலோஜன் வந்தாயிற்று. அமெரிக்காவில் பல்பை மட்டும் தனியாக மாற்றும் விளக்குக்கு அனுமதி கிடைத்தது 1983-ல்!

இந்த விதிக்கு முதல் பலி ஜாகுவார் ஈ-டைப். அதன் முகவிளக்குகளுக்கு மேல் கண்ணாடி மூடி மூக்கோடு மூக்காக வழுக்கிக்கொண்டு போகும். 1967-ல் அமெரிக்காவுக்காக அந்த மூடியைக் கழற்றினார்கள். அடுத்த பலி சித்ரோன். 1967-ல் மாற்றி வடிவமைத்த டி.எஸ். காரில் உள்பக்க விளக்குகள் ஸ்டியரிங்கோடு சேர்ந்து திரும்பும். வளைவுக்குள் நீங்கள் போகுமுன் வெளிச்சம் போய்விடும். அமெரிக்கப் பிரதியில் கண்ணாடியும் கிடையாது, திரும்புவதும் கிடையாது. சும்மா நான்கு உருண்டைகள், முழித்துக்கொண்டு. இருட்டில் நன்றாகப் பார்க்க உதவும் சாதனத்தைப் பாதுகாப்பு என்ற பெயரில் தடை செய்வதற்குத் தனி சாமர்த்தியம் வேண்டும். (ஐரோப்பாவும் சும்மா இல்லை. பிரான்ஸில் 1993 வரை மஞ்சள் முகவிளக்குதான்.)

பம்பர் கதை இன்னும் சோகம். 1973 மாடலிலிருந்து, மணிக்கு 5 மைல் வேகத்தில் முட்டினாலும் முன்பக்க விளக்கு முதலானவை சேதமாகக்கூடாது என்றார்கள். அந்த வேகத்தில் முட்டி யாரும் சாவதில்லை. மிச்சமாவது பெரும்பாலும் ரிப்பேர் செலவு. அதற்காக மெர்சிடிஸ் எஸ்.எல். காரின் அளவான குரோமியப் பட்டையை எடுத்துவிட்டுத் திண்ணை மாதிரி ஒன்றை நீட்டி வைத்தார்கள். சித்ரோன் எஸ்.எம். பாடு இன்னும் மோசம். மசராட்டி இன்ஜின், ஏறி இறங்கும் சஸ்பென்ஷன். கார் உயரம் மாறினால் பம்பர் உயரமும் மாறுமே, விதிக்கு எப்படிப் பொருந்தும்? விலக்கு கிடைக்கவில்லை. 1972-ல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்று 'இந்த வருஷத்தின் கார்' என்று பட்டம் கொடுத்த வண்டி, அதற்குப் பிறகு அந்த நாட்டுக் கடைகளில் நெடுநாள் நிற்கவில்லை.

பிரிட்டனின் எம்.ஜி.பி.யோ இரண்டு பிரதி போடச் சோம்பல்பட்டு 1974-ல் எல்லா ஊருக்கும் ஒரே கறுப்பு ரப்பர் மூக்கு வைத்துவிட்டது. அமெரிக்க உயர விதிக்காக ஓர் அங்குலம் போல் தூக்கியும் வைத்தார்கள். வளைவில் வண்டி சாய்ந்தது. வாஷிங்டனில் எழுதிய வரிக்கு லண்டன்காரன் சாய்ந்தான்.

கொசுறாக, வேகமானி. 1979-ல் புது அமெரிக்கக் கார்களின் வேகமானி 85 மைலுக்கு மேல் காட்டக்கூடாது என்று ஒரு விதி போட்டார்கள். சில வருஷம்தான் தாக்குப்பிடித்தது. வட அயர்லாந்தில் தயாராகி அமெரிக்கா போன டெலோரியனிலும் 85-தான். 1985-ல் வந்த 'பேக் டு தி ஃப்யூச்சர்' படத்தில் கார் 88 மைல் தொட்டால்தான் காலம் தாண்டும். படத்துக்காக வேறு வேகமானி பொருத்த வேண்டியதாயிற்று!

இனி பித்தர்கள் வழுக்குகிற பாதி. அவர்கள் ரொம்பப் புலம்புவது குதிரைசக்திக்குத்தான். மெர்சிடிஸ் 380 எஸ்.எல். ஐரோப்பாவில் 200-க்கு மேல், அமெரிக்காவில் 155. கழுத்தை நெரித்துவிட்டார்களாம். நெரித்தது எதற்கு? லாஸ் ஏஞ்சலஸில் கண்ணெரிந்து ஜனங்கள் திண்டாடினார்கள். 1970-ல் காற்றுச் சட்டம் வந்தது. 1975 மாடலிலிருந்து பெரும்பாலான கார்களில் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர், அதற்கு ஈயமில்லாத பெட்ரோல். ஐரோப்பா இதைப் புதுக் கார்களுக்கெல்லாம் பொதுவாகக் கட்டாயமாக்கியது 1993-ல்தான். நடுவில் பதினெட்டு வருஷம். அந்தக் கூடுதல் ஐம்பது குதிரைகள் விட்ட புகையையும் ஈயத்தையும் அந்த ஊர்க் குழந்தைகள் சுவாசித்தார்கள். எந்தக் கார் விமரிசனத்திலும் இதற்கு மார்க் குறைத்து நான் பார்த்ததில்லை. வளைவு, கோடு, உறுமல் எல்லாவற்றையும் ரசிக்கத் தெரிந்தவர்களுக்குப் பின்னால் குழாயிலிருந்து வருவது மட்டும் காரின் பகுதியாகத் தெரிவதில்லை.

எண்பதுகளில் அமெரிக்கப் பணக்காரர்கள் ஐரோப்பியப் பிரதியையே நேராக வாங்கிவர ஆரம்பித்தார்கள். 1985-ல் மட்டும் அறுபதாயிரத்துக்கு மேல் கார்கள் அப்படி வந்து இறங்கின. மெர்சிடிஸ் கம்பெனி வயிறெரிந்து இரண்டு வேலை செய்தது. 1988-ல் அந்த வழியை நெருக்கிச் சட்டம் வந்ததில் அதற்கும் பங்குண்டு. அதற்கு முன்பே 560 எஸ்.எல். என்று பெரிய இன்ஜின் போட்டு அமெரிக்கா, ஜப்பான், ஆஸ்திரேலியாவுக்கு மட்டும் விற்றது. ஐரோப்பாவுக்கு அது கிடையாது.

வேடிக்கை என்னவென்றால், கலிஃபோர்னியாவில் துருப்பிடிக்காமல் கிடந்த அதே 560-களை இப்போது ஐரோப்பியர்கள் திருப்பி வாங்குகிறார்கள். திண்ணை பம்பரைக் கழற்றி, உருண்டை விளக்கை எடுத்து, சின்னப் பட்டையும் பெரிய கண்ணாடியும் மாட்டி 'ஐரோப்பிய மாடல்' ஆக்கிவிடுகிறார்கள்.