எதை அறுத்தான்?

திருவனந்தபுரம் வலியசாலையின் மகாதேவர் கோயில் காந்தளூர் என்ற பழம்பெயரை இன்னும் சுமக்கிறது. இங்கே இருந்ததாகக் கருதப்படும் காந்தளூர்ச் சாலை என்ற கல்விக்கூடத்தில் 'கலமறுத்த'தைச் சோழ மன்னன் முதலாம் ராஜராஜனின் (985–1014) கல்வெட்டுப் புகழுரையான மெய்க்கீர்த்தி பெருமையாகச் சொல்கிறது.

எதை அறுத்தான்? கலம் என்றால் கப்பல், சேரர் கப்பல்களை அழித்தான் என்கிறது ஒரு தரப்பு. உண்கலமும் கலம்தானே, சாலையில் நடந்த ஊட்டை நிறுத்தினான் என்கிறது இன்னொன்று. வில்லங்கம் 'அறு'விலும் இருக்கிறது: வெட்டுவதும் அதுதான், வரையறுப்பதும் அதுதான். உணவுப் பங்கைத் திட்டம் செய்தான் என்றும் வாசிக்கலாம்.

9ஆம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் பார்த்திவசேகரபுரத்தில் 95 மாணவருக்குச் சாலை அமைத்தபோது, காந்தளூர் முறையையே முன்மாதிரியாகக் கொண்டான். அத்தகைய கல்விச்சாலையில் கப்பலை உடைத்ததைவிடச் சோற்றை அளந்தது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஆனால் பின்வந்த சோழன் ராஜாதிராஜனும் அங்கே கலமறுத்ததாகச் சொல்லிக்கொள்கிறான். எத்தனை தரம்தான் அளப்பார்கள்?