ஆவணப் பட்டியலில் நிலைச்சுட்டு

ஒரு நூலைக் கண்டறிதல் வேறு. கண்டதனைப் பிறரும் காணுமாறு சுட்டுதல் வேறு. பின்னையது பட்டியல் வகுப்போர் கடன். மேற்கோளுக்குப் பக்க எண் மட்டும் குறிப்பின், பதிப்பு மாறுங்கால் அது பயன்படாது போகும். புறநானூற்று 192-ஆம் பாட்டு என்று குறிப்பின், உ. வே. சாமிநாதையரின் 1894-ஆம் ஆண்டுப் பதிப்பிலும் பின்வந்த பதிப்புகளிலும் கணியன் பூங்குன்றனார் பாட்டே கிடைக்கும். இணையவழிப் பட்டியல்களில் திரையில் தோன்றும் முகவரி பக்க எண் போன்றது. ஆவணத்திற்கென்றே வழங்கப்பெற்று, அது வைக்கப்பெற்ற இடம் மாறினும் மாறாது நிற்கும் அடையாளம் பாட்டெண் போன்றது. இதனை நிலைச்சுட்டு என்பாம்.

இதன் இன்றியமையாமையை வால்பாறை பற்றிய நூலொன்றால் விளக்குவாம். அம்மலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் துயரைப் பி. எச். டேனியல் 'ரெட் டீ' என்னும் ஆங்கில நாவலாக 1969-இல் வெளியிட்டார். இரா. முருகவேள் அதனை 'எரியும் பனிக்காடு' எனத் தமிழாக்கினார். 2013-இல் வந்த 'பரதேசி' என்னும் திரைப்படம் அந்நாவலைத் தழுவியது. மூன்றற்கும் தலைப்பு வேறு. ஆசிரியர் பெயர் டேனியல் எனவும் டானியல் எனவும் எழுதப்படும். மலையின் பெயரும் ஆனைமலை, ஆனமலை என இருவகையாக வழங்கும். ஆகவே, பெயரைத் தேடிப் பெற்ற விடைப்பக்கத்தையே இணைப்பாகத் தருதல் பொருந்தாது. எழுத்துக்கூட்டல் திருத்தப்பெற்ற அன்றே அவ்விணைப்பு வெறிதாகலாம்.

இது வெறும் வசதிக் குறைவன்று. தோட்டத் தொழிலாளர் தாமே எழுதிவைத்தவை மிகச் சில. அவர் துயர் கூறும் நாவலையும் தோட்ட நிருவாகத்தார் ஏடுகளையும் ஒருங்குவைத்து நோக்கினாலன்றி வரலாறு விளங்காது. இரண்டன் பதிவுகளையும் பிணிக்கும் இணைப்பு அறுந்தால், நிருவாக ஏடு மறுப்பாரின்றித் தனித்துப் பேசும்.

எண் ஒன்றே போதும் என்பாரும் உளர். அது பொருந்தாது. திருக்குறளில் மணக்குடவர் வைப்புமுறையும் பரிமேலழகர் வைப்புமுறையும் வேறாதலின், எவர் முறைப்படி எண்ணியது என்பது தெளிவாதல் வேண்டும். அதுபோல, எண்ணை வழங்கிய நிறுவனமும் அதனைக் காக்கும் பொறுப்பும் பட்டியலில் விளங்க வேண்டும். 2001-இல் அமெரிக்காவில் வகுக்கப்பெற்ற 'ஆர்க்' முறையில், முகவரியின் முற்பகுதி மாறினும் அடையாளப் பகுதி மாறாது. ஆயினும், அவ்வடையாளத்தைப் புதிய இடத்தோடு பொருத்திவைப்பார் இல்லையேல் அதுவும் பயனிலதாம். அக்டோபர் 2023-இல் பிரித்தானிய நூலகம் இணையத் தாக்குதலுக்கு உள்ளானபோது அதன் பட்டியல் திங்கள் சில முடங்கியது. இணைப்பை மட்டும் குறித்தோர் கையற்று நின்றிருப்பர். ஆவண எண்ணையும் உடன் குறித்தோர்க்கு, ஆவணம் இன்னதென்னும் தெளிவேனும் எஞ்சியிருக்கும்.

ஆகவே, பதிவுதோறும் நிலைச்சுட்டு, வழங்கிய நிறுவனம், ஆவண எண் ஆகிய மூன்றும் இடம்பெறல் வேண்டும். மூலமும் மொழிபெயர்ப்பும் ஒன்றையொன்று அச்சுட்டாலேயே சுட்டுதல் வேண்டும். பெயர்களைத் திருத்தலாம், ஒருமுறை வழங்கிய எண்ணை மாற்றுதலும், பிறிதோர் ஆவணத்திற்கு அளித்தலும் ஆகா. இந்நெறி பேணப்படாத பட்டியல், எத்துணை விரிந்ததாயினும், நாளைய ஆய்வாளர்க்குச் சான்றாகாது.